கண்ணாடியைக் கழற்றுமுன்



பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கும் இல்லங்களில் அண்மைக் காலமாகப் புதியதொரு பேச்சு எழுகின்றது. "கண்ணாடியை எடுத்துவிட்டால் நல்லது, லேசர் செய்துவிடலாமே" என்பதே அப்பேச்சு. நகை, சேலை, மண்டபம் என்னும் செலவுக் கணக்கில் இதுவும் ஒரு வரியாகச் சேர்ந்துவிடுகின்றது. அந்தப் பெண் "எனக்கு வேண்டாம்" என்று கூறிவிட்டாலோ, அதனை அச்சமென்றும் பிடிவாதமென்றும் பெரியவர்கள் கொள்கின்றனர். ஆனால் வேண்டாமென்பாரிடம் தக்க காரணங்கள் இருக்கக்கூடும். அவற்றை இம்மாதம் நாம் சிந்திப்போம்.

கிட்டப்பார்வை உடையவரின் விழி பெரும்பாலும் சற்று நீண்டிருக்கும். அதனால் ஒளி விழித்திரையை அடையுமுன்னரே குவிந்துவிடுகின்றது. லேசிக் சிகிச்சையில் கருவிழியின் மேற்பகுதியை மெல்லிய மூடிபோல் அறுத்துத் தூக்கி, உட்பகுதியை எக்சைமர் லேசரால் செதுக்கி, மூடியை மீண்டும் படியவைக்கின்றனர். இந்த லேசர் உயிர்த்தசையைச் சுட்டுக் கருக்காமல் செதுக்கவல்லது என்பதை 1981ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த மூவருள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன் ஆவார். விருந்தில் எஞ்சிய வான்கோழி இறைச்சியே அவர்களுடைய முதற் சோதனைப் பொருள். எனவே இச்சிகிச்சையை நாம் இழித்துரைக்க வரவில்லை. பல்லாயிரம் பேர் இதனால் நன்மை பெற்றுள்ளனர்.

ஆயினும் எல்லாக் கண்ணுக்கும் இது பொருந்தாது. கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மிகையான தடிமன் உடையது. மேல்மூடிக்கு 110 மைக்ரான் வேண்டும். ஒவ்வொரு டையாப்டர் பவரைக் குறைப்பதற்கும் சுமார் 14 மைக்ரான் செதுக்க நேரிடும். எட்டு பவர் உடைய ஒருவரின் கருவிழி 470 மைக்ரானே எனக் கொள்வோம். மூடிக்கு 110, செதுக்குவதற்கு 112 போக எஞ்சுவது 248. குறைந்தது 250 மைக்ரானாவது எஞ்சவேண்டும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள வரம்பு. அதற்குக் கீழே இறங்கினால், வலுவிழந்த கருவிழி நாளடைவில் கூம்புபோல் முன்தள்ளிப் பார்வையையே சிதைக்கக்கூடும்.

இத்தகைய நிலையை நாமறிந்த ஒரு குடும்பம் எதிர்கொண்டது. மருத்துவர் மகளின் கண்ணை அளந்து பார்த்து, "உங்களுக்கு இது ஆகாது" என்று கூறிவிட்டார். மகள் அதனை ஏற்றாள். தந்தைக்கோ மனம் ஆறவில்லை. "இங்கே முடியாதென்றால் வேறிடத்தில் செய்வார்கள்" என்று அழைத்துச் சென்றார். இரண்டாம் மருத்துவரும் அதே அளவைக் காட்டி மறுத்தார். பெற்றோரே, இரண்டாவது கருத்தைக் கேட்பது தவறன்று. நமது விருப்பத்திற்கு இசைகின்றவர் கிடைக்கும்வரை தேடி அலைவதே ஆபத்து.

பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கும், கண்ணாடியின் பவர் ஆண்டுதோறும் மாறுகின்றவர்க்கும் இச்சிகிச்சை தகாது. கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் காத்திருக்கவேண்டும். கூம்புக் கருவிழி நோய், கடுமையான கண் வறட்சி, காயம் ஆறுவதைத் தடுக்கும் நோய்கள் உடையோரும் விலகியிருப்பதே நலம்.

தகுதியுடையோரும் எண்ணிப் பார்க்கவேண்டியவை உண்டு. கருவிழியை அறுக்கும்போது அதிலுள்ள நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. அதனால் கண் வறட்சி தோன்றும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடற்படையோடு சேர்ந்து நடத்திய ஆய்வில், முன்பு வறட்சிக் குறி ஏதும் இல்லாதவர்களுள் 28 விழுக்காடு வரையினர் மூன்று மாதங்களுக்குப் பின் அதனை உணர்ந்தனர். விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் காணாதிருந்தவர்களுள் 40 விழுக்காடு வரையினர் அதனைக் காணலாயினர். அதே ஆய்வில் 95 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் தம் பார்வையில் நிறைவு கொண்டனர் என்பதையும் நேர்மையோடு கூறவேண்டும். பெரும்பாலோர்க்கு இக்குறைகள் சிறியவையே. எனினும், இரவில் பேருந்து ஓட்டுபவருக்கும் நாள் முழுதும் கணினியைப் பார்ப்பவருக்கும் அவை சிறியனவாய் இரா.

நாற்பதைக் கடந்தோர்க்கு மற்றொரு காரணம் உண்டு, அதுவே வெள்ளெழுத்து. அது கண்ணின் உள்வில்லை இறுகுவதால் வருவது. கருவிழியைச் செதுக்குவதால் அது நீங்காது. கிட்டப்பார்வை உடைய ஐம்பது வயதுக்காரர் பலர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு நூலை அருகில் வைத்துப் படிக்கின்றனர். இரு கண்களையும் தூரப் பார்வைக்கென முழுமையாகத் திருத்திக்கொண்டால் அந்த வசதி போய்விடும். வாசிப்பதற்கென வேறொரு கண்ணாடி வந்து சேரும்.

இன்னும் ஒன்று. லேசர் கருவிழியை மாற்றுமே தவிர, நீண்ட விழியைக் குறுக்குவதில்லை. மிகுந்த கிட்டப்பார்வை உடையோர்க்கு விழித்திரை பிரியும் அபாயம் சிகிச்சைக்குப் பின்னும் தொடர்கின்றது. "கண்ணாடி போயிற்று, கண் மருத்துவரும் வேண்டாம்" என்று இருந்துவிடலாகாது. மேலும், பிற்காலத்தில் கண்புரைக்கு வில்லை பொருத்தும்போது பவரைக் கணிப்பதும், கண் நீரழுத்தத்தைச் சரியாக அளப்பதும் கடினமாகும். ஆகவே சிகிச்சை செய்துகொள்வோர், முன்னர் எடுத்த அளவுகள் அனைத்தையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தவேண்டும்.

மறுப்போர் பலர் இறுதியாகக் கூறும் காரணம் எளியது. கண்ணாடி பிடிக்காவிடில் மாற்றலாம். செதுக்கியதை மீண்டும் ஒட்டவியலாது. நலமுள்ள கண்ணில், கட்டாயத் தேவையின்றிக் கத்தி வைப்பதா என்று ஒருவர் தயங்கினால், அதனைக் கோழைத்தனமென்று நாம் இகழலாமா?

கண்ணாடி அணிவதில் இழிவும் ஒன்றில்லை. 1306ஆம் ஆண்டு ஃபுளோரன்ஸ் நகரில் மறையுரை ஆற்றிய ஜோர்தானோ என்னும் தொமினிக்கன் சபைத் துறவி, மூக்குக்கண்ணாடி செய்யும் கலை தோன்றி இன்னும் இருபது ஆண்டுகள் ஆகவில்லை என வியந்து போற்றினார். எழுநூறு ஆண்டுகளாக மாந்தர்க்கு உதவிவரும் ஒரு பொருளை, பெண் பார்க்க வரும் நாளில் மட்டும் ஒளித்து வைப்பானேன்? கண்ணாடி அணிந்த முகத்தை ஏற்காத வீட்டார், நாளை அவள் நோயுற்றாலோ தளர்ந்தாலோ ஏற்பார்களா என்பதையும் பெற்றோர் எண்ணவேண்டும்.

எனவே, இல்லத்தில் இப்பேச்சு எழும்போது முதலில் மகளையோ மகனையோ கேளுங்கள். திருமணத் தேதியை வைத்து மருத்துவரை அவசரப்படுத்தாதீர்கள். தொடுவில்லை அணிபவர், மென்மையான வகையாயின் இரண்டு வாரமேனும் அதனை நிறுத்திய பின்னரே பரிசோதனைக்குச் செல்லட்டும். இல்லையேல் அளவு பிழைபடும். கருவிழியின் தடிமன் எவ்வளவு, எஞ்சுவது எவ்வளவு, தம் தொழிலுக்கு என்ன இடையூறு நேரும் என்னும் மூன்று வினாக்களை அவர்களே மருத்துவரிடம் கேட்கட்டும். விடை கேட்டபின் அவர்கள் "சரி" என்றாலும் "வேண்டாம்" என்றாலும், அம்முடிவை மதித்து உடனிருப்பதே பெற்றோரின் கடமை.