கடுகளவு வித்தியாசம், மலையளவு நம்பிக்கை

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. "ஏன் பெரியவரே, நாற்பத்தைந்தைச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள்?" என்று கேட்டால், "என்ன செய்ய, நாற்பத்தாறு யாரும் தயாரிப்பதில்லையே!" என்பாராம். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்த கையோடு அதை நம்பவும் செய்வார்கள். குண்டு பெரிதாக இருந்தால் எதிராளி ஒரே அடியில் சாய்வான், சிறிதாக இருந்தால் எழுந்து வந்து உன்னை முடித்துவிடுவான் என்பது அங்கே கிட்டத்தட்ட வேதவாக்கு. 'தடுத்து நிறுத்தும் சக்தி' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்.

இந்த வேதவாக்கால் நஷ்டப்படுகிறவர் யார் என்று பாருங்கள். இரவு வேலை முடிந்து, ஆளில்லாத கார் நிறுத்துமிடத்தைத் தனியே கடக்க வேண்டிய ஒரு பெண். கையில் நானூறு டாலர் இருக்கிறது. இடுப்பிலோ கைப்பையிலோ மறைத்து வைத்துக்கொள்ள ஒரு பிஸ்டல் வேண்டும். அது விலை கட்டுப்படியாக வேண்டும், நேரத்துக்கு வேலை செய்யவும் வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் அவருடைய உள்ளங்கை அளவைப் பார்ப்பதில்லை, இதற்குமுன் எத்தனை தோட்டா சுட்டிருக்கிறார் என்று கேட்பதில்லை. "ஒன்பது மில்லிமீட்டரா? அது போதாதம்மா" என்றுதான் தொடங்குகிறார். துப்பாக்கி வைத்துக்கொள்வது நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டவரிடம் பொய்யைச் சரக்காக விற்கிறார்களே, என் சண்டை அதோடுதான்.

முதலில் அளவைப் பார்ப்போம். 9 மி.மீ. குண்டின் விட்டம் ஒன்பது மில்லிமீட்டர். அந்த 'நாற்பத்தைந்து', அதாவது .45 அங்குலக் குண்டின் விட்டம் ஏறத்தாழ பதினொன்றரை. வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர், அதாவது ஒரு பெரிய கடுகின் அகலம். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம் பழமொழி. இங்கே ஒரு கடுகை வைத்துக்கொண்டு நூறு ஆண்டுகளாகக் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சினிமாவில் குண்டு பட்டவன் பின்னால் பறந்துபோய்க் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவான். நம் ஊர்ப் படங்களிலும் அப்படித்தான், ஹாலிவுட்டிலும் அப்படித்தான். பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போட்டால் போதும். எட்டு கிராம் எடையுள்ள 9 மி.மீ. குண்டு விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் வந்து 70 கிலோ ஆளின் உடம்புக்குள் முழுவதுமாக நின்றுவிட்டது என்று வையுங்கள். அந்த உடம்புக்குக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு 4 சென்டிமீட்டர். பதினைந்து கிராம் எடையும் விநாடிக்கு 255 மீட்டர் வேகமும் கொண்ட .45 குண்டு தருவது ஐந்தரை சென்டிமீட்டர். நெரிசலான பேருந்தில் ஓட்டுநர் லேசாக பிரேக் போட்டால்கூட நாம் இதைவிட அதிகமாகத் தள்ளாடுவோம். ஆளைத் தூக்கியெறியும் விசை குண்டில் இருந்தால், அதே விசை சுட்டவரையும் பின்னால் தூக்கியெறிய வேண்டும். நியூட்டன் யாருக்கும் சலுகை தரவில்லை.

அப்படியானால் குண்டு பட்டவர் ஏன் விழுகிறார்? மூளையோ தண்டுவடமோ அடிபட்டால் உடனே விழுவார். இல்லையென்றால் ரத்தம் இறங்கி அழுத்தம் குறைய வேண்டும், அதற்கு நேரமாகும். இதயமே சிதைந்துபோனாலும் மூளையில் மிச்சமிருக்கும் பிராணவாயு பத்துப் பதினைந்து விநாடி வரை கைகால்களை இயக்கப் போதும் என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 1989-இல் தன் பயிற்சியாளர்களுக்காக எழுதிவைத்தது. மூன்றாவது காரணம் மனசு. 'சுட்டுவிட்டார்கள்' என்று தெரிந்த மாத்திரத்தில் பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படி உட்காருகிறவருக்கு எந்தக் குண்டும் போதும். வெறியிலோ போதையிலோ வருகிறவனுக்கு எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் உத்தரவாதமில்லை. மில்லிமீட்டர் இந்த இரண்டையும் மாற்றுவதில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஊர் பெயர் உண்டு, தேதியும் உண்டு. பிலிப்பைன்ஸை அமெரிக்கா பிடித்த பிறகு, மோரோ வீரர்கள் .38 ரிவால்வர் குண்டுகளை வாங்கிக்கொண்டே வாளோடு பாய்ந்து வந்தார்கள் என்று சிப்பாய்கள் புகார் சொன்னார்கள். அதை ஆராய 1904-இல் ஜான் தாம்சன் என்ற ராணுவ அதிகாரியும் லூயிஸ் லகார்ட் என்ற ராணுவ மருத்துவரும் சிகாகோ இறைச்சித் தொட்டிக்குப் போனார்கள். மனிதச் சடலங்கள் மீது சுட்டுப் பார்த்தார்கள். கசாப்புக்கு நின்ற மாடுகள் மீதும் சுட்டார்கள். சில மாடுகள் பல குண்டு வாங்கியும் நின்றுகொண்டிருந்தன. அவற்றைச் சம்மட்டியால் அடித்து முடிக்க வேண்டியிருந்தது. முறையும் இடையிலேயே மாறியது: முதலில் நிதானமாகச் சுட்டு நேரம் பார்த்தார்கள், பிறகு மாடு விழும்வரை அடுத்தடுத்துச் சுட்டார்கள். முடிவில், போர்க்களப் பிஸ்டல் .45-க்குக் குறையக் கூடாது என்று எழுதினார்கள். 1911-இல் ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 பிஸ்டல் ராணுவத்துக்கு வந்தது. அன்று பிறந்த பக்திதான் இன்றும் கடைக் கல்லாவில் ஓதப்படுகிறது. அந்த அறிக்கையில் இன்னொரு பரிந்துரையும் இருந்தது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

பக்திக்கு இரண்டாம் கோயில் எழுந்தது மயாமியில். 1986 ஏப்ரல் 11. எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர், வங்கிக் கொள்ளையர் இருவரை நடுத்தெருவில் மடக்கினார்கள். சண்டை ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. தொடக்கத்திலேயே ஓர் அதிகாரியின் 9 மி.மீ. குண்டு மைக்கேல் பிளாட் என்ற கொள்ளையனின் கையைத் துளைத்து, மார்புக்குள் நுழைந்து, நுரையீரலைக் குலைத்து, இதயத்துக்கு ஓரங்குலம் முன்பாக நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனால் பிளாட் கையில் ஒரு ரைஃபிள் இருந்தது. அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். பிளாட் விழுவதற்குள் அவன் உடம்பில் ஒரு டஜன் காயங்கள்.

ரைஃபிளுக்கு எதிரே பெரும்பாலும் கைத்துப்பாக்கிகளோடு போய் நின்றது பற்றிய பேச்சு அடங்கிவிட்டது. பழி முழுவதும் அந்த ஒரு குண்டின் மேல் விழுந்தது. அதில் பாதி நியாயம் உண்டு. அந்தக் குண்டு சீக்கிரமே விரிந்து, ஆழம் போகாமல் நின்றுவிட்டது. அதிலிருந்து ஒரு நல்ல அளவுகோலும் பிறந்தது: மனிதத் தசைக்கு ஈடாகப் பக்குவப்படுத்திய ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும். கவனியுங்கள், இது ஆழத்தின் அளவுகோல். குண்டின் பருமனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

கேட்டவர்கள் காதில் விழுந்ததோ 'பெரிதாக்கு' என்பது மட்டும்தான். முதலில் எஃப்.பி.ஐ.காரர்கள் 10 மி.மீ. தோட்டாவுக்குப் போனார்கள். அது உதைத்த உதையில் பல அதிகாரிகளால் குறிபார்த்துச் சுட முடியவில்லை. வெடிமருந்தைக் குறைத்துப் போட்டார்கள். மருந்தைக் குறைத்தால் இவ்வளவு நீளத் தோட்டா எதற்கு என்று, 1990-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் .40 தோட்டாவைக் கொண்டுவந்தன. நாடெங்கும் காவல் துறைகள் அதற்கு மாறின. எஃப்.பி.ஐ.யும் 1997-இல் மாறியது. இதற்கிடையே குண்டு செய்வோர் சும்மா இருக்கவில்லை. துணியைத் துளைத்தாலும் அடைபடாமல் விரிந்து, ஆழமும் போகிற 9 மி.மீ. குண்டுகள் வந்தன. 2014-இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு கணக்கை மறுபடி பார்த்தது: நல்ல குண்டுகளுக்குள் 9, .40, .45 என்ற வித்தியாசம் காயத்தில் தெரிவதில்லை, 9 மி.மீ. உதை குறைவு, கூடுதல் தோட்டா கொள்ளும், பெரும்பாலோர் அதில்தான் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள். 2016-இல் 9 மி.மீ. கிளாக் பிஸ்டலுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர முப்பது ஆண்டு.

இந்த முப்பதாண்டில் நம்பிக்கைக்கு எண்களும் கிடைத்தன. 1992-இல் மார்ஷல், சானோ என்ற இருவர் ஒரு புத்தகம் போட்டார்கள். நிஜச் சம்பவங்களைத் திரட்டி, எந்தத் தோட்டா 'ஒரே குண்டில்' எத்தனை விழுக்காடு ஆளைச் சாய்த்தது என்று பட்டியல் தந்தார்கள். .357 மேக்னத்தின் ஒரு வகைக்கு 96 விழுக்காடு! கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் கணக்கில் ஓர் ஓட்டை. உடம்பில் ஒரே ஒரு குண்டு பட்ட சம்பவங்களை மட்டுமே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முதல் குண்டில் விழாமல் இரண்டாவது குண்டு தேவைப்பட்டதா? அந்தச் சம்பவம் பட்டியலிலேயே இல்லை. ஒரே மாத்திரையில் காய்ச்சல் தணிந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, இரண்டாவது மாத்திரை தின்றவர்களின் சீட்டைக் கிழித்துப் போடுகிற வைத்தியரின் கைராசி இது. காயங்களை ஆராய்ந்த மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் போன்றவர்கள் அப்போதே கண்டித்தார்கள். கண்டனம் நூலகத்துக்குப் போனது, விழுக்காடு கல்லாவில் தங்கிவிட்டது.

"சரி, வித்தியாசம் கடுகளவுதான் என்றாலும் பெரிய ஓட்டை நல்லதுதானே?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. மற்றதெல்லாம் சமமாக இருந்தால் நல்லதுதான். மற்றதெல்லாம் சமமாக இல்லையே! பழைய 1911 பிஸ்டலின் மேகசினில் ஏழு தோட்டா. ஏறக்குறைய அதே இடத்தில் ஒளியும் கிளாக் 19-இல் பதினைந்து. 2018-இல் வந்த சிக் பி365 அரைக் கிலோ எடைதான், உள்ளே பத்து. .45 தோட்டா விலை 9 மி.மீ. தோட்டாவைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். அதே பணத்துக்கு ஒருத்தி மாதம் நூறு தோட்டா சுட்டுப் பழகுவாள், இன்னொருத்தி அறுபதோடு நிறுத்திக்கொள்வாள். உதை கூடினால் அந்த அறுபதும் பயந்து பயந்து சுடுவதாகிவிடும். விசையை இழுக்குமுன்பே கண் இறுகும், மணிக்கட்டு தாழும், குண்டு தரையில் போய் விழும்.

பழக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நியூயார்க் காவல் துறையே சாட்சி. 1998 முதல் 2006 வரை, எதிராளி திருப்பிச் சுட்ட மோதல்களில் அவர்களுடைய குண்டுகள் இலக்கில் பட்டது சராசரியாக 18 விழுக்காடுதான் என்று ராண்ட் நிறுவன ஆய்வு சொல்கிறது. பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் காவலர்களின் நிலை இது. நூற்றுக்கு எண்பத்திரண்டு குண்டு படவே இல்லை என்னும்போது, படாத குண்டு எத்தனை மில்லிமீட்டர் என்று ஆராய்வது யாருக்கு லாபம்? படாத குண்டு எங்கோ ஒரு வீட்டுச் சுவரில் போய் நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, நானூறு டாலரோடு நிற்கும் அந்தப் பெண்ணுக்கு உண்மையில் என்ன சொல்ல வேண்டும்? விலை குறைந்தால் தரம் குறையும் என்ற இரண்டாவது மந்திரத்தையும் கூடவே ஓதுவார்கள். அதற்கும் மயங்க வேண்டாம். துத்தநாகக் கலவையில் வார்த்த பழைய மலிவுப் பிஸ்டல்களின் கெட்ட பெயர் நியாயமானது. இன்று முந்நூறு டாலரை ஒட்டிய விலையில் டாரஸ் கிடைக்கிறது, கொஞ்சம் கூட்டினால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு கிடைக்கிறது. பெயரை வைத்து எதையும் நம்ப வேண்டாம், சோதித்து நம்பலாம். சுடுகளத்தில் வாடகைக்குத் தருகிறார்கள். முதலில் சுட்டுப் பார். உன் விரல் விசையை எட்டுகிறதா? ஸ்லைடை நீயே இழுக்க முடிகிறதா? வாங்கிய பிறகு உன் மேகசின்களைப் போட்டு இருநூறு தோட்டா சுடு. தினமும் ஏந்தப் போகும் குண்டிலும் ஓரிரு பெட்டி சுடு. அடிக்கடி சிக்கினால் தயாரித்த நிறுவனத்துக்கே பழுதுபார்க்க அனுப்பு. கால் கிலோ எடையுள்ள குட்டிப் பிஸ்டல்கள் பைக்குள் சுகம், கைக்குள் நரகம். இளகிய மணிக்கட்டோடு பிடித்தால் அவற்றில் நல்லதும் சிக்கும். மிச்சப் பணத்தில் விசையை முழுக்க மூடும் உறை ஒன்றும் பூட்டுப்பெட்டி ஒன்றும் வாங்கு. பூட்டுப்பெட்டி அலங்காரம் அல்ல. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தம் கையாலேயே சாகிறார்கள்.

அதே கடையில், கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டைக் குனிந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். காவல் துறைகள் மாற்றிவிட்ட .40 கிளாக்குகள் வரிசையாகக் கிடக்கின்றன. உறையில் உரசி உரசி ஸ்லைடின் முனை வெளுத்திருக்கிறது. பலவற்றின் விலைச் சீட்டில் முந்நூறு சொச்சம். உழைப்பில் குறை சொல்ல முடியாத பிஸ்டல்கள். அவற்றை வாங்கிய நாளில் '9 மி.மீ. போதாது' என்றுதான் வரிப்பணத்தில் வாங்கினார்கள். கல்லாவில் நிற்பவரோ அந்தக் குவியலுக்கு மேலே முழங்கையை ஊன்றிக்கொண்டு அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிகாகோ அறிக்கையின் இன்னொரு பரிந்துரை என்றேனே, அது இதுதான்: உடம்பின் பெரும்பகுதியில் பட்டாலும் குண்டு ஆளை நிறுத்தாது, ஆகவே பிஸ்டல் ஏந்தும் சிப்பாய்க்குக் குறிபார்த்துச் சுடும் பயிற்சியை ஓயாமல் கொடுக்க வேண்டும். மாடுகளைச் சுட்டவர்கள் கண்ணால் பார்த்து எழுதியது. ஒரே அறிக்கையில் இரண்டு புத்திமதி. .45-ஐக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விலைச் சீட்டு ஒட்ட முடிந்தது. பயிற்சிக்கு எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் அதை விட்டுவிட்டார்கள்.