மாச வாடகை சாஃப்ட்வேர், ஆறு வருஷக் கணக்கு: கிளவுடில் சாவி யாரிடம் இருக்கிறது?

சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர், ஜிஎஸ்டி பில் போட மாதச் சந்தாவில் ஒரு கிளவுட் சாஃப்ட்வேர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டால் பண்ணும் வேலை இல்லை, மொபைலிலேயே பில் ரெடி. வசதிதான். ஆனால் இரண்டு வருஷம் கழித்து சந்தாவை நிறுத்தினால், அதுவரை போட்ட பில்கள் என்ன ஆகும்? சந்தா எடுக்கும் நாளில் பலரும் இதைக் கேட்பதே இல்லை.

கேட்க வேண்டியதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதாவது, சாஃப்ட்வேர் மாச வாடகை. கணக்குக்கான பொறுப்பு ஆறு வருஷம். அந்தப் பொறுப்பு கிளவுட் கம்பெனிக்கு இல்லை, வியாபாரிக்குத்தான்.

கிளவுட்னா என்ன?

சிம்பிளா சொன்னா, இன்னொருவருடைய கம்ப்யூட்டரை இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுப்பது. எதுவரை வாடகை, எதுவரை நம்முடையது என்பதைப் பொறுத்து மூன்று வகை. அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2011-ல் வெளியிட்ட வரையறையும் இந்த மூன்றைத்தான் சொல்கிறது. தறிக்கூடத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

கட்டடமும் கரண்டும் மட்டும் வாடகை. தறி, ஆள், நூல் எல்லாம் நாம் கொண்டுபோக வேண்டும். இது 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆஸ் எ சர்வீஸ்', சுருக்கமாக ஐயாஸ். சர்வரும் ஸ்டோரேஜும் கிடைக்கும், அதன் மேல் ஓடுவதெல்லாம் நம் பொறுப்பு. அமேசான் 2006-ல் கொண்டுவந்த இசி2 இந்த வகை.

தறியையும் பூட்டித் தருகிறார்கள், ரிப்பேர் பார்ப்பதும் அவர்கள் ஆள். நூலும் டிசைனும் மட்டும் நம்முடையது. இது 'பிளாட்ஃபார்ம் ஆஸ் எ சர்வீஸ்', அதாவது பாஸ். டெவலப்பர் தன் கோடை ஏற்றினால் போதும். கூகுள் ஆப் இன்ஜின் ஓர் உதாரணம்.

எதுவும் நெய்ய வேண்டாம், ரெடியான துணி வருகிறது. இது 'சாஃப்ட்வேர் ஆஸ் எ சர்வீஸ்', அதாவது சாஸ். ஜிமெயில், ஸோஹோ புக்ஸ் எல்லாம் இதில் அடக்கம். ஆனால் ஒரு வித்தியாசம்: துணியைக் காசு கொடுத்து வாங்கினால் அது நம்முடையது. சாஸில் கடைசி வரை வாடகைதான்.

வாடகைக்கு மேல் வாடகை

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. சங்கரன்கோவில் இருக்கும் அதே தென்காசி மாவட்டத்தில், மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கிறது ஸோஹோ. அது தன் சேவைகளைத் தன்னுடைய டேட்டா சென்டர்களிலேயே ஓட்டுகிறது. சென்னையில் 2010-ல் தொடங்கி 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்ட ஃப்ரெஷ்வொர்க்ஸும் சாஸ் கம்பெனிதான். ஆனால் அது அமேசானின் கிளவுட் மேல் நிற்கிறது. இரண்டும் சரியான வழிகளே. வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள வேண்டியது, நம் டேட்டா எத்தனை கைகளைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறது என்பதை.

சாவி இன்னொருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2025 ஜூலையில் நாடு பார்த்தது. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய யூனியன் தடை விதித்தது. அடுத்த சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. முழுப் பணம் கட்டியும் தங்கள் டேட்டாவையே தொட முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாத இறுதியில்தான் சேவை திரும்பியது. பெரிய கம்பெனி வக்கீல் வைத்தது, கோர்ட்டுக்குப் போனது. சிறிய கடைக்காரர் எங்கே போவார்? அவர் மீது யாரும் தடை விதிக்கப் போவதில்லைதான். ஆனால் சந்தா விலை ஏறலாம், கம்பெனியே மூடப்படலாம். விளைவு ஒன்றுதான்.

அப்போ கிளவுடே வேண்டாமா?

அப்படி இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் கணக்கை வைத்திருப்பவருக்கு, வெள்ளம் புகுந்தால் அதோடு எல்லாம் போச்சு. சர்வர் பராமரிக்க ஆள் வைக்க முடியாத சிறு தொழிலுக்கு சாஸ் நல்ல தேர்வுதான். ஆனால் உள்ளே போகும்போதே வெளியே வரும் வழியையும் பார்த்து வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை நான்கே. ஒன்று, எல்லா பில்களையும் எக்செல் அல்லது பிடிஎஃப் ஆக மொத்தமாக இறக்க முடிகிறதா என்று ட்ரையல் காலத்திலேயே செய்து பார்க்க வேண்டும். இரண்டு, சந்தா முடிந்தபின் எத்தனை நாள் டேட்டா இருக்கும் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். மூன்று, மாதம் ஒருமுறை ஒரு காப்பியை ஹார்டு டிஸ்கில் போட்டு வைக்க வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம்: அட்மின் அக்கவுன்ட் உரிமையாளர் பெயரிலும் நம்பரிலும் இருக்க வேண்டும். கணக்கு எழுதும் தம்பியின் மொபைல் நம்பரில் அக்கவுன்ட் தொடங்கினால், அவர் வேலையை விட்டுப் போன பிறகும் ஓடிபி அவருக்கே போகும். எந்த வகை கிளவுட் எடுத்தாலும், பாஸ்வேர்டும் யார் உள்ளே வரலாம் என்ற முடிவும் வாடிக்கையாளர் பொறுப்புதான்.

கிளவுட் கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. சந்தா விலையைப் பெரிய எழுத்தில் போடும் அதே பக்கத்தில், டேட்டாவை எப்படி எடுத்துக்கொண்டு போகலாம் என்பதையும் தமிழில் நான்கு வரி எழுதலாம். சேவை மேல் நம்பிக்கை இருக்கும் கம்பெனிக்கு இதில் தயங்க எதுவும் இல்லை. அந்த நான்கு வரி இல்லாத இடத்தில், பணம் கட்டும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.