பொழுதுபடும் வாவியில் இரண்டு மணித்தியாலம்



"நாங்களெல்லாம் சந்தோசமா இரிக்கலாமா மிஸ்?"

எங்கள் பெண்கள் குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா இப்படிக் கேட்டார். வயது நாற்பத்தெட்டு. யுத்த காலத்தில் கணவரை இழந்தவர். மா இடித்து விற்றே இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தவர். அவர் கோபத்தில் கேட்கவில்லை, கேலியாகவும் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய வேண்டும் என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

விடயம் இதுதான். எங்கள் குழுவின் சேமிப்பில் அந்த வருடம் கொஞ்சப் பணம் மீதமாக இருந்தது. வழக்கமாக அப்படி மீதம் வந்தால் ஒரு கோழிப் பண்ணையையோ தையல் நிலையத்தையோ பார்க்கப் போவோம். இந்த முறையும் அதைத்தான் நான் எழுதி வைத்திருந்தேன். அப்போது வயதில் குறைந்த ஒரு தங்கை எழும்பி, "நான் கிழமைக்கு மூணு தரம் பஸ்ஸில கல்லடிப் பாலத்தால போறன். பின்னேரத்தில வெளியூர் ஆக்கள் படகில போய்ப் படம் எடுக்கிறாங்க. வாவிக்குப் பக்கத்தில பிறந்த நாங்க ஒரு நாளும் போகல்லியே" என்றாள். சிலர் சிரித்தார்கள். சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் அந்த அக்காவின் கேள்வி வந்தது.

என்னுடைய தயக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதை மாதாந்த அறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்பதே என் மனதில் முதலில் எழுந்த கேள்வி. வாழ்வாதாரமா? பயிற்சியா? பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் சமூகவியல் படித்த எனக்கும், பாதிக்கப்பட்ட பெண் என்றால் உதவி பெறுபவள், உழைப்பவள், அழுபவள் என்ற மூன்று படங்கள்தான் மனதில் பதிந்திருந்தன. பொழுதுபடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவள் என்ற படம் அங்கே இருக்கவில்லை.

நாம் எதற்காக வீட்டை விட்டு வெளியே போகிறோம் என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். கோயில், ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம், பிள்ளையின் பள்ளிக்கூடம், கடன் கட்டும் கூட்டம், சாவீடு. எல்லாம் கடமைகள். ஆண்களுக்குத் தேநீர்க் கடை இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, விளையாட்டு மைதானம் இருக்கிறது. நமக்குப் பொழுதுபட்டால் அடுப்படி. கணவரை இழந்த பெண்ணென்றால் அந்த எல்லை இன்னும் சுருங்கிவிடுகிறது. அவள் சிரித்தால் ஒரு கதை, சாயச் சேலை கட்டினால் ஒரு கதை.

ஓய்வு என்பது யாரும் நமக்குப் போடும் பிச்சையல்ல. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பிரகடனத்தின் 24ஆவது உறுப்புரை, ஓய்வுக்கும் ஓய்வு நேரத்துக்கும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. பெண்களுக்கு எதிரான எல்லாவிதமான பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றுக்கொண்டது. அதன் 13ஆவது உறுப்புரை பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் கலாசார வாழ்விலும் பெண்களுக்குச் சமமான பங்கு உண்டு என்று சொல்கிறது. கூட்டத்தில் இதை நான் விளக்கியபோது ஓர் அம்மா, "அப்ப சட்டத்திலயும் இரிக்கு. ஆனா மாமியார்ர சட்டத்தில இல்லியே புள்ள" என்றார். எல்லோரும் சிரித்து முடிய, போவதென்று தீர்மானித்தோம்.

யூலை மாதப் பூரணை விடுமுறை நாளைத் தெரிவு செய்தோம். அந்தக் காலத்தில் வாவி பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஐப்பசி தொடக்கம் தை வரை மழையும் வெள்ளமுமாக இருப்பதால் அப்போது படகில் உலாவப் போவது சரியில்லை. பின்னேரம் ஐந்து மணிக்குக் கல்லடிப் பக்கத்தில் பதினைந்து பேர் கூடினோம். இரண்டு இயந்திரப் படகுகள் பேசியிருந்தோம். உயிர்காப்பு அங்கிகளை ஒவ்வொருவருக்கும் கட்டிவிட்டுப் படகோட்டித் தம்பி சாதாரணமாகக் கேட்டார்:

"அக்காமார், முகத்துவாரப் பக்கம் போறதா, படுவான்கரைப் பக்கம் போறதா?"

யாரும் பேசவில்லை.

மட்டக்களப்புக்கு வெளியே இருக்கும் வாசகிகளுக்காக ஒரு விளக்கம். எங்கள் வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, வயலும் காடுமாக, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. முகத்துவாரம் என்பது நகரத்துக்கு வடக்கே வாவி கடலோடு சேரும் இடம். அங்கே போகும் வழியில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிறது நாவலடி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அந்த ஊரை என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியும். படுவான்கரை மக்களோ 2007 மார்ச் மாதத்தில் ஷெல் வீச்சுக்குள் வீடு வாசல்களை விட்டு இந்தப் பக்கம் ஓடி வந்தவர்கள். அப்போது நான் பள்ளி மாணவி. நகரத்துப் பள்ளிக்கூடங்கள் அகதி முகாம்களாக மாறியதை என் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் குழுவில் இரண்டு பக்கத்துப் பெண்களும் இருக்கிறார்கள். தம்பி கேட்ட இரண்டு திசைகளில் ஏதோ ஒரு திசை ஒவ்வொருவருக்கும் வலித்தது. மாதக்கணக்காகத் திட்டமிட்ட எனக்கு இது தோன்றவில்லை. கோழிப் பண்ணை என்றால் இந்தச் சிக்கல் வந்திருக்காது.

முடிவில் நாவலடியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஓர் அக்காவே பேசினார். "இண்டைக்குப் பொழுதுபடுறதப் பார்க்கத்தானே வந்த நாம. மேற்கால போவம். முகத்துவாரம் எங்கயும் ஓடிப் போகாது. எனக்கு மனம் வாற நாளையில அங்க போவம்" என்றார். இன்னொருவர், "நான் ஏறல்ல மிஸ். கரையில இரிக்கிறன். கோவிக்காதீங்க" என்றார். நாங்கள் யாரும் அவரை வற்புறுத்தவில்லை. பதினான்கு பேர் ஏறினோம்.

படகு கல்லடியில் அருகருகே நிற்கும் இரண்டு பாலங்களையும் விட்டு விலகியது. வெள்ளைக்காரர் காலத்து இரும்புப் பாலம் ஒன்று, 2013இல் திறந்த புதிய பாலம் மற்றொன்று. வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிழைக்கும் ஓர் அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்தார். "இந்தத் தண்ணிக்க நிண்டே என்ர கால் வெளிறிப் போச்சு. தண்ணிக்கு மேலால இப்பிடிச் சும்மா போறது இண்டைக்குத்தான்" என்று சொல்லி அங்கியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

புளியந்தீவைச் சுற்றி வரும்போது கோட்டை தெரிந்தது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. பல வருடங்களாகக் கச்சேரி இயங்கியது அதற்குள்தான். "நட்டஈட்டுக் கடதாசிக்கு எத்தனை நாள் அங்க வரிசையில நிண்டிரிப்பம்! அதுக்கு இப்பிடியொரு வடிவான முதுகு இரிக்கெண்டு தெரியாமப் போச்சே" என்று ஒருவர் சொல்ல, இரண்டு படகிலும் சிரிப்பு எழுந்தது.

கோட்டையைத் தாண்டியதும் வாவி அகன்றது. கண்ணாப் பற்றைகளில் கொக்குகள் வந்து அடைந்துகொண்டிருந்தன. வீச்சு வலையோடு ஒரு தோணி நின்றது. தம்பி இயந்திரத்தை நிறுத்தினார். வவுணதீவுப் பக்கம் சூரியன் இறங்கியது. தண்ணீர் முதலில் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமாகியது. ஒருவரும் பேசவில்லை.

படுவான்கரை அம்மா ஒருவர் கையை நீட்டினார். "அந்தா, அந்தப் பனைகளுக்கு அங்கால எங்கட ஊர். அண்டைக்குப் பேரப்பிள்ளையத் தூக்கிக்கொண்டு வலையிறவால வந்த நான். திரும்பிப் பார்க்கக்கூடாதெண்டு வந்த நான். வீடெல்லாம் கட்டி இப்ப அங்கதான் இரிக்கன். எண்டாலும் இஞ்ச நிண்டு அந்தக் கரையப் பார்த்தது இண்டைக்குத்தான்" என்றார். அவர் அழுதார். உளவளத்துணையில் பயிற்சி பெற்ற நான் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நாவலடி அக்கா பிளாஸ்கைத் திறந்து வெறுந்தேத்தண்ணி ஊற்றி அவர் கையில் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் அங்கே எதுவும் தேவைப்படவில்லை.

படுவான்கரை மக்களுக்கு வாவியைக் கடப்பது புதிதல்ல. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும் வரை "பாதை"யில் ஏறித்தான் இந்தக் கரைக்கு வந்தார்கள். அரிசி வாங்க, பிரசவத்துக்கு, உயிரைக் காப்பாற்ற என்று எப்போதும் ஏதோ ஒரு தேவை அவர்களைக் கடக்க வைத்தது. தேவை எதுவும் இல்லாமல் வாவிக்கு வந்தது இதுவே முதல் தடவை என்று திரும்பும்போது அந்த அம்மா சொன்னார்.

இருட்டும் முன்பே பின்பக்கம், கல்லடிக்கு மேலே, பூரணைச் சந்திரன் எழும்பியிருந்தது. பாடும் மீனைக் கேட்க வேண்டும் என்று ஒரே ஆரவாரம். 1848இல் இங்கு வந்த எமர்சன் ரெனன்ற் என்ற பிரித்தானிய அதிகாரி இந்த ஓசையைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். எங்கள் விபுலாநந்த அடிகளார் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் இதை நீரரமகளிரின் இசையாகப் பாடியிருக்கிறார். தம்பி துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி மறுநுனியைக் காதில் வைக்கச் சொன்னார். ஒவ்வொருவராக வைத்துப் பார்த்தோம். ஆறு பேர் கேட்டது என்றார்கள். மூன்று பேர் அது பாலத்தில் போன மோட்டார் சைக்கிள் என்றார்கள். எனக்கு ஏதோ ஒரு மெல்லிய முனகல் கேட்டது. மீன்தான் என்று நம்ப ஆசை.

கரைக்கு வந்ததும், ஏறாமல் நின்றவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தபடி இருந்தார். "ஏன் புள்ள மன்னிப்பு? இரண்டு மணித்தியாலமா ஒருத்தரும் என்னைக் கூப்பிடல்ல. சோறு கேட்கல்ல, காசு கேட்கல்ல. அது போதும் எனக்கு" என்றார். ஓய்வு என்பதற்கு என் பாடப் புத்தகங்களில் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

அடுத்த கிழமைக் கூட்டத்தில், முதலில் கேள்வி கேட்ட அக்கா நடந்ததைச் சொன்னார். அன்றிரவு வீட்டு வாசலில் கணவரின் தமையன் நின்றிருக்கிறார்.

"எங்க போன நீ?"

"வாவி பார்க்கப் போனன்."

"என்னத்துக்கு?"

"பார்க்கத்தான்."

வேறொன்றும் சொல்லாமல் உள்ளே போய் உலை வைத்தாராம். தன் கேள்விக்கு அவரே பதில் கண்டுவிட்டார். அறிக்கையில் நானும் தலைப்பைத் தேடவில்லை. "வாவிப் பயணம்" என்றே எழுதினேன்.

உங்கள் குழுவும் இப்படிப் போக விரும்பினால் சில விடயங்களைக் கவனியுங்கள். உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இல்லையென்றால் படகில் ஏறாதீர்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்ற விடாதீர்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். வாவியில் முதலை உண்டு, பொழுதுபட்ட பிறகு கையைத் தண்ணீருக்குள் விடாதீர்கள். கூலியை முன்கூட்டியே பேசுங்கள். இதற்காகக் கடன் எடுக்க வேண்டாம், மாதாமாதம் சிறு தொகையாகச் சேருங்கள். எந்தத் திசையில் போவது என்பதைக் கரையில் அல்ல, கூட்டத்திலேயே பேசி முடிவெடுங்கள். இது நான் செய்த பிழையிலிருந்து படித்த பாடம். வர மாட்டேன் என்பவரை வற்புறுத்தாதீர்கள்.

முகத்துவாரத்துக்கு இன்னும் நாங்கள் போகவில்லை. அந்த நாளை நாவலடி அக்காதான் சொல்ல வேண்டும். காத்திருக்கிறோம்.

கடைசியாக எப்போது ஒரு வேலையும் இல்லாமல் வெளியே போனீர்கள், சகோதரிகளே? யோசித்து எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.