லீவு நாளில் ஆள் வேணும், பில் மட்டும் வேணாமா?

"இதையெல்லாமா மேடம் பில்லுல போடுவீங்க?"

கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தீர்கள். போடாமல் வேறு என்ன செய்வது சார்? ஆயுத பூஜை லீவன்று ஆள் வேண்டும் என்று கேட்டது நீங்கள். முதல் நாள் மாலையே பூஜையை முடித்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு, ஊருக்குப் பஸ்ஸும் ரயிலும் பிடிக்கக் கிளாம்பாக்கத்துக்கும் எழும்பூருக்குமாகக் கிளம்பிவிட்டீர்கள். வாசலில் உடைத்த பூசணிக்காய் அப்படியே கிடந்தது. குங்குமமும் சுண்ணாம்பும் கலந்து கிரானைட்டில் இறங்கி, ஓர் இரவு ஊறினால் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று உட்கார்ந்து தேய்த்தவளுக்குத்தான் தெரியும். லிஃப்ட் கதவு, சர்வர் ரூம் கதவு, பிரிண்டர் என்று எதையும் விடாமல் சந்தனம் தடவியிருந்தீர்கள். வாழைக்கன்று, தோரணம், ஏழு மாடிக்கும் சிதறிய பொரி. லீவு முடிந்து நீங்கள் வரும்போது தரை முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். இருந்தது. அந்த வேலைக்குக் காசு கேட்டால் சிரிப்பு வருகிறது.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி நடத்துகிறவள் நான். பெரிய கம்பெனி கிடையாது. நானே மாப் பிடித்து, பிறகு சூப்பர்வைசராகி, அதன் பிறகு தனியாக வந்தவள். என்னிடம் வேலை செய்கிற பெண்களில் பெரும்பாலோர் கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் வருகிறார்கள். நகரத்தின் நடுவே ஆற்றோரமும் கால்வாயோரமும் இருந்த குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த இடங்கள் அவை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு நாலரைக்கே எழுந்து குழாயடியில் நிற்பவர்கள். அவர்களுக்கும் தீபாவளி உண்டு, பொங்கல் உண்டு என்பதைச் சொல்லித்தான் தெரிய வைக்க வேண்டியிருக்கிறது.

கொட்டேஷன் கொடுத்த நாளிலிருந்து சொல்கிறேன். ஓர் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று நாங்கள் கொடுக்கும் ரேட் வானத்திலிருந்து விழுவதில்லை. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, அதன் மேல் எங்கள் பங்கு பி.எஃப். 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், போனஸ் 8.33 சதவீதம், வார விடுப்புக்கு மாற்று ஆள், யூனிஃபார்ம், கடைசியில் சர்வீஸ் சார்ஜ் என்று வரிவரியாகப் பிரித்துக் காட்டுகிறோம். அதில் தேசிய, பண்டிகை விடுமுறை என்று ஒரு வரி இருக்கும். வருஷத்துக்கு 9 நாள். பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதத்துக்கு முக்கால் நாள் கூலி. அவ்வளவுதான்.

உங்கள் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் முதலில் பேனா வைத்தது அந்த வரியில்தான். "இதை மாசாமாசம் எதுக்குக் கொடுக்கணும்? லீவு நாள்ல ஆள் வந்தா அப்போ பில் போடுங்க" என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சரி என்று வரியை எடுத்துக் கொடுத்தோம். பண்டிகை வந்தது, ஆள் வந்தார்கள், பில்லும் வந்தது. இப்போது அதே டிபார்ட்மென்ட் சொல்கிறது: "இதுக்கு பர்ச்சேஸ் ஆர்டர் இல்லையே. யார் அப்ரூவ் பண்ணது?" நீங்கள்தான் சார் போனில் சொன்னீர்கள் என்றால், உங்களுக்கு ஞாபகம் இல்லை. மாதக் கணக்கில் சேர்க்காதே, நடந்தபின் கேள். நடந்தபின் கேட்டால், முன்பே ஏன் சேர்க்கவில்லை? இரண்டு பக்கமும் கதவைப் பூட்டி நடுவில் எங்களை நிறுத்தும் வேலை இது. தெரியாமல் நடக்கிறது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இல்லை. எழுதினால் கொடுக்க வேண்டும், அதனால் எழுதுவதில்லை.

உங்கள் ஆபீசில் சட்டப்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டு முதல் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோடு ஐந்து பண்டிகை நாள். அந்த நாளில் வீட்டில் இருந்தாலும் தொழிலாளிக்குக் கூலி உண்டு. வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு சம்பளத்துடன் வேறொரு நாள் லீவு. இதில் ஹவுஸ்கீப்பிங் என்றால் விதிவிலக்கு என்று எங்கும் எழுதவில்லை.

ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லீவு நாளில் வந்த பெண்ணுக்கு நான் 1,000 எண்ணி வைக்க வேண்டும். ஓர் ஆளுக்கு மாதம் முழுக்க எனக்குக் கிடைக்கிற சர்வீஸ் சார்ஜ் அந்த ஆயிரத்தைத் தொடாது. அதிலும் அப்படிக் குறைக்க வைத்தது நீங்கள்தான். தீபாவளியன்று உங்கள் கண்ணாடிக் கட்டடத்தைத் துடைக்க நான் என் கைக்காசைப் போடுகிறேன் என்றால், இங்கே யார் யாருக்கு வாடிக்கையாளர்?

"வேற ஏஜென்சிக்காரங்க எல்லாம் இதைக் கேக்கிறதே இல்லையே மேடம்." ஆமாம், கேட்பதில்லை. எப்படி முடிகிறது என்று நீங்களும் அவர்களைக் கேட்பதில்லை. இரட்டைக் கூலி கிடையாது, மாற்று லீவு தருகிறோம் என்று வாயால் சொல்லி, அந்த லீவு வராமலே வருஷம் முடிந்துவிடும். அந்தப் பெண்ணின் பையிலிருந்து எடுத்த காசைத்தான் உங்களுக்குத் தள்ளுபடி என்று கொடுக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் கொடுக்காத கூலியை வேலை வாங்கிய நிறுவனம் கொடுக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். உங்களுக்கு லீவு என்றால் எங்களுக்கு லீவு இல்லை என்பதோடு நிற்கவில்லை. உங்களுக்கு லீவு என்றால் எங்களுக்கு வேலை இரட்டிப்பு. ஆபீஸ் காலியாக இருக்கிறதாம், ஆகவே டீப் கிளீனிங் செய்துவிடலாமாம். கார்ப்பெட் ஷாம்பூ, நாற்காலிகளைக் கவிழ்த்துச் சக்கரத்தில் சிக்கிய முடியைக் கத்தியால் அறுத்து எடுப்பது, ஏ.சி. கிரில், ஃபால்ஸ் சீலிங் ஓரத்து ஒட்டடை என்று மற்ற நாளில் உங்கள் ஊழியர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் அத்தனையும் பண்டிகை நாளில் எங்கள் தலையில் விழும். 2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். ஓட்டுப் போட எல்லோருக்கும் சம்பளத்தோடு லீவு என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. உங்கள் வாசலில்கூடத் தவறாமல் வாக்களிப்போம் என்று ஸ்டாண்டி வைத்திருந்தீர்கள். அன்றைக்கும் எனக்கு மெசேஜ் வந்தது: "ஆபீஸ் ஃப்ரீயா இருக்கு, ஒரு பத்து பேரை அனுப்புங்க." அந்தப் பத்துப் பேருக்கும் ஓட்டு இருந்தது சார்.

அடுத்தது இந்தச் "சின்ன வேலை". ஒப்பந்தத்தில் எங்கள் வேலை என்ன என்று எழுதியிருக்கிறது: தரை, கழிப்பறை, மேசை, குப்பை. மாதம் போகப் போக அது வளரும். பேன்ட்ரி பையன் வரவில்லை, காபி கொண்டுபோகச் சொல்லுங்கள். மீட்டிங் இருக்கிறது, நாற்பது நாற்காலியைக் கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள். தண்ணீர் கேனை ஏற்றுங்கள். யாரோ பிறந்தநாள், கேக்கை முகத்தில் பூசிக்கொண்டு விளையாடியிருக்கிறார்கள், ஜிகினாப் பேப்பரை வெடித்திருக்கிறார்கள், ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்குங்கள். ஒருமுறை ஓர் அதிகாரியின் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு முந்தின நாள் எங்கள் பெண்கள் இருவரை அவர் வீட்டுக்கே காரில் அழைத்துப் போயிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது மூன்று நாள் கழித்து. ஆபீஸ் அட்டெண்டன்ஸில் அவர்கள் அன்று ஆப்சென்ட்! கூலி பிடிக்கச் சொல்லி மெயிலும் வந்தது. இதை நினைக்கும்போது இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

அதைவிட ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் விட மாட்டேன். பேஸ்மென்ட்டில் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது. லாரிக்குச் சொன்னால் நேரமாகும், காசாகும். "உங்க பையன் ஒருத்தன் இருக்கானே, கொஞ்சம் இறங்கிப் பாக்கச் சொல்லுங்க, தனியா ஏதாவது கொடுத்துடலாம்" என்றார் உங்கள் ஃபெசிலிட்டி ஆள். கொஞ்சம் இறங்கிப் பார்ப்பதாம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை. இறந்துபோனால் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. அவ்வளவு சொல்லியும் மனிதர்கள் இறங்கிச் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏனென்றால், அது ஒவ்வொரு இடத்திலும் "கொஞ்சம் பாரு, ஏதாவது கொடுத்துடலாம்" என்றுதான் தொடங்குகிறது. நான் மறுத்துவிட்டேன். அந்த மாதம் சர்வீஸ் சரியில்லை என்று எங்கள் பில்லில் அபராதம் பிடித்தார்கள்.

மிக்ஜாம் புயலை மறந்திருப்பீர்கள். 2023 டிசம்பர் 4. சென்னைக்கே அரசு பொது விடுமுறை விட்டது. பள்ளிக்கரணை, பெருங்குடி, வேளச்சேரி எல்லாம் தண்ணீர். செம்மஞ்சேரியில் எங்கள் பெண்கள் பாத்திரம் பண்டத்தைக் கட்டிலின் மேல் அடுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் லாபியில் தண்ணீர் வந்துவிட்டது என்று எனக்குப் போன் மேல் போன். மழை விட்டதும் தங்கள் வீட்டுச் சேற்றை அப்படியே போட்டுவிட்டு உங்கள் சேற்றை அள்ள வந்தார்கள். போகும்போது ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துப் படம் எடுத்தீர்கள். அந்தப் படம் உங்கள் கம்பெனிப் பக்கத்தில் நன்றாகத்தான் வந்திருந்தது. அந்த நாட்களுக்கான கூடுதல் பில்தான் இன்னும் "அண்டர் ரிவ்யூ".

பில்லைப் பற்றிப் பேசினால் நெஞ்சு அடைக்கிறது. பில் போட்ட கையோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என் பொறுப்பு. நீங்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். 7ஆம் தேதிக்குள் சம்பளம், 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. நீங்கள் கொடுப்பது தொண்ணூறு நாள் கழித்து. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006லேயே சட்டம் போட்டாயிற்று. புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் முப்பது நாள் நோட்டீஸில் காரணம் சொல்லாமல் எங்களை வெளியேற்றலாம் என்று இருக்கிறதே, அதை மட்டும் எழுத உங்களுக்கு மறப்பதில்லை. நகையை வைத்துத்தான் தீபாவளிக்கு இரட்டைக் கூலி கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ராத்திரி கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போன பெண்ணிடம், "பில் பாஸ் ஆகட்டும்மா, அப்புறம் தர்றேன்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

பொங்கலுக்கு ஊருக்குப் போக ஆம்னி பஸ்ஸுக்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று பங்கு கொடுக்கிறீர்கள். தீபாவளி இரவில் ஆப்பில் கார் பிடித்தால் ஏறிய ரேட்டைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்கிறீர்கள். முன்கூட்டியே திரையில் தெரிகிறது, பிடித்தால் ஏறு, பிடிக்காவிட்டால் விடு. யாரும் அந்த டிரைவரிடம் "அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா" என்பதில்லை. நான் கேட்பதும் அவ்வளவே. லீவு நாள் ரேட் இது, கூடுதல் வேலைக்கு மணிக்கு இது, இன்ன வேலையைச் செய்யவே மாட்டோம் என்று முன்பே ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் இத்தனை பேச்சு எதற்கு? தேவையில்லை என்றால் பண்டிகையன்று ஆபீஸைப் பூட்டி வையுங்கள். தூசி மறுநாளும் அங்கேதான் இருக்கும், எங்கும் ஓடிப்போகாது.

இப்போது பொங்கலுக்கு ஆள் வேண்டும் என்று கோடி காட்டியிருக்கிறீர்கள். பதில் அனுப்பிவிட்டேன். போகி முதல் காணும் பொங்கல் வரை எந்த நாள், எத்தனை பேர், எந்த மாடி, என்ன வேலை, ஆளுக்கு என்ன கூலி, இரவானால் வண்டி யார் பொறுப்பு, எல்லாம் அதில் இருக்கிறது. பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர் வந்தபிறகுதான் ரோஸ்டரில் பெயர் எழுதுவேன் என்றும் இருக்கிறது. அதற்கு நீங்கள் அனுப்பியது ஒரே வரி: "பாத்துக்கலாம் மேடம்."

பார்த்துக்கொள்ள ஒன்றுமில்லை சார். நம்பரை அனுப்புங்கள்.