கல்லாவில் ஆள் மாறினால் போதுமா?

ஒரு கடையில் முதலாளி மாறுகிறார் என்றால் ஊரில் இரண்டு விதமான பேச்சு எழும். "நல்ல மனிதராயிற்றே, இனிமேல் எப்படியோ?" என்பது ஒன்று. "தொலைந்தார், இனிமேலாவது நிறுவை சரியாக இருக்கும்" என்பது மற்றொன்று. இதில் எந்தப் பேச்சு காதில் விழுகிறது என்பதை வைத்தே அந்தக் கடை இத்தனை காலம் எப்படி நடந்தது என்று சொல்லிவிடலாம். ஆடிட்டர் பார்க்கும் கணக்கு வேறு. வாடிக்கையாளர் மனத்துக்குள் எழுதி வைத்திருக்கும் கணக்கு வேறு. முதலாளி மாறும் நாளில்தான் அந்த இரண்டாவது பேரேடு வெளியே வருகிறது.

இதற்குச் சான்றாக வீடியோ கேம் வணிகத்தில் நடந்த சில நிகழ்ச்சிகளை உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்க விரும்புகிறோம். பிள்ளைகள் விளையாடுவதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். விளையாட்டைச் செய்கிற பட்டறை, அதற்கு முதல் போட்டுச் சந்தைக்கு அனுப்பும் வெளியீட்டு நிறுவனம், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, கடைசியில் காசு கொடுத்து வாங்குபவர் என்று அங்கே இருப்பதும் நாம் அறிந்த அதே சங்கிலிதான். அதில் பணமும் கொஞ்சநஞ்சமல்ல.

மகிழ்ச்சியில் கைதட்டிய வாடிக்கையாளர்கள்

அமெரிக்காவில் 1982-ல் தொடங்கப்பட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், உலகின் மிகப் பெரிய வீடியோ கேம் வெளியீட்டு நிறுவனங்களில் ஒன்று. 2007 முதல் அதன் தலைமை நிர்வாகியாக இருந்தவர் ஜான் ரிச்சிட்டெல்லோ. 2013 மார்ச் 5-ந் தேதி அந்நிறுவனம் சிம்சிட்டி என்ற, நகரம் கட்டும் விளையாட்டின் புதிய பதிப்பை விற்பனைக்கு விட்டது. தனியாக உட்கார்ந்து ஆற அமர விளையாடுவதற்குப் பெயர் பெற்ற விளையாட்டு அது. ஆனால் புதிய பதிப்புக்கு இன்டர்நெட் இணைப்பு எந்நேரமும் இருந்தாக வேண்டும் என்று விதி வைத்தார்கள். கூட்டம் தாங்காமல் கம்பெனியின் சர்வர்கள் திணறின. முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றார்கள். அமேசான் நிறுவனம் அதன் டவுன்லோடு விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. "இந்தச் சரக்கை இப்போது விற்பதற்கில்லை" என்று கடைக்காரரே கையை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நிலைமை போயிற்று. பிறகு, வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த வேறொரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தார்கள்.

அதே மார்ச் 18-ந் தேதி ரிச்சிட்டெல்லோ பதவி விலகுவதாக அறிவிப்பு வந்தது. விளையாட்டுப் பிரியர்கள் பலருக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. தங்கள் கோபம்தான் அவரை வீட்டுக்கு அனுப்பியது என்று பெருமைப்பட்டுக் கொண்டார்கள். அந்தக் கோபம் ஒரு நாளில் வந்ததும் அல்ல. அமெரிக்காவின் மிக மோசமான கம்பெனி எது என்று கன்சூமரிஸ்ட் என்னும் நுகர்வோர் வெளியீடு ஆண்டுதோறும் வாக்கெடுப்பு நடத்தி வந்தது. 2012-லும் 2013-லும் தொடர்ந்து இரண்டு முறை அந்தப் பட்டத்தை வாங்கியது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்தான். இரண்டு தடவையும் இறுதிச் சுற்றில் அது தோற்கடித்தது பாங்க் ஆஃப் அமெரிக்காவை!

இது மிகை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. வீட்டுக்கடன் நெருக்கடியில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டை இழந்த நாட்டில், விளையாட்டு விற்ற கம்பெனி வங்கியைவிட மோசம் என்பது நியாயமான தீர்ப்பு ஆகாது. ஆனால் சத்தம் அதிகம் என்பதாலேயே புகார் பொய்யாகிவிடாது. கடை வாசலில் நின்று ஒருவர் அளவுக்கு மீறிக் கத்துகிறார் என்றால், அவருடைய குரலைக் குறை சொல்வதற்கு முன்னால் நம் தராசை ஒருமுறை பார்த்துவிடுவதே வியாபாரிக்கு அழகு.

போனவர் ஒன்றும் அறியாதவரும் அல்லர், அயோக்கியரும் அல்லர். பழைய விளையாட்டுகளையே திருப்பித் திருப்பி விற்காமல் புதியவை வேண்டும் என்று முனைந்தவர். டெட் ஸ்பேஸ், மிரர்ஸ் எட்ஜ் என்று 2008-ல் வந்த விளையாட்டுகள் அந்த முயற்சியின் பலன். இதையும் சொல்லாவிட்டால் நாம் நடுநிலை தவறியவர்கள் ஆவோம்.

அவர் ஏன் போனார்?

இங்கேதான் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ரிச்சிட்டெல்லோ எழுதிய விலகல் கடிதம், கம்பெனியின் வருவாய் எதிர்பார்த்த அளவுக்கு வராததற்குப் பொறுப்பேற்பதாகத்தான் சொல்கிறது. வாசலில் காத்து நின்ற வாடிக்கையாளருக்காக அவர் போகவில்லை. சொல்லப்போனால், இத்தனை கூச்சலுக்கு நடுவிலும் சிம்சிட்டி முதல் இரண்டு வாரத்தில் 11 லட்சம் பிரதிகள் விற்றது. வாடிக்கையாளர் தம் பேரேட்டைப் பார்த்துக் கைதட்டினார். நிர்வாகக் குழு தன் பேரேட்டைப் பார்த்து ஆளை மாற்றியது. இரண்டும் ஒரே நாளில் நடந்ததால் ஒன்றே போலத் தோன்றிவிட்டது.

பிறகு என்ன நடந்தது? முதலில் சில நல்ல காரியங்கள் நடந்தன. ஒருவர் விளையாடி முடித்து விற்ற பழைய பிரதியை வாங்குபவர், இன்டர்நெட் வழியாக மற்றவர்களோடு சேர்ந்து விளையாட வேண்டுமானால் தனியாக 10 டாலர் கட்ட வேண்டும் என்றொரு விதி 2010 முதல் இருந்தது. பழைய பிரதிகளை வாங்கி விற்றுப் பிழைக்கும் கடைக்காரர்களின் வயிற்றில் அடித்த விதி அது. 2013 மே மாதத்தில் அதைக் கைவிட்டார்கள். 2014 மார்ச் மாதத்தில் சிம்சிட்டியை இன்டர்நெட் இல்லாமலும் விளையாடலாம் என்று வழி திறந்தார்கள். 2013 செப்டம்பரில் தலைமைக்கு வந்த ஆண்ட்ரூ வில்சனைப் பற்றி நம்பிக்கையான பேச்சும் இருந்தது.

ஆனால் 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2 வந்தது. 60 டாலர் கொடுத்து வாங்கிய விளையாட்டுக்குள் மறுபடியும் ஒரு கடை! டார்த் வேடர் போன்ற பெயர் பெற்ற பாத்திரத்தை எடுத்து ஆட வேண்டுமானால் பல மணி நேரம் விளையாடிப் புள்ளி சேர்க்க வேண்டும். அந்தப் பாடு வேண்டாம், சீக்கிரம் முன்னேற வேண்டும் என்பவர் காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிகளை வாங்கிப் பிரிக்கலாம். திருவிழாக் கடைகளில் பொட்டலம் கிழித்துப் பரிசு பார்க்கும் வியாபாரத்தை நாம் அறிவோம், அதே சூட்சுமம்தான். எதிர்ப்பு வெடித்தது. டார்த் வேடருக்கு வைத்த 60,000 புள்ளியை 15,000 ஆகக் குறைத்தார்கள். அதுவும் போதாமல், வெளியீட்டுக்கு முந்தின நாள் விளையாட்டுக்குள் காசு வாங்குவதையே நிறுத்தி வைத்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

பங்குதாரர்களுக்கு வில்சன் காலம் பொற்காலம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2013 மார்ச்சில் 20 டாலருக்குள் இருந்த பங்கின் விலை 2017-ல் 100 டாலரைத் தாண்டியது. அந்தப் பேரேட்டில் வரவு. வாடிக்கையாளர் பேரேட்டிலோ பழைய பற்று அப்படியே நின்றது. கல்லாவில் ஆள் மாறினார்; கல்லாவின் விதி மாறவில்லை. 2013-ல் கைதட்டியவர்கள் ஆளின் பெயரைக் கேட்டார்கள், விதியைக் கேட்கவில்லை என்பதே நம் கருத்து.

கண்ணீர் விட்ட வாடிக்கையாளர்கள்

இதற்கு நேர் எதிரான காட்சி ஜப்பானில் நடந்தது. கியோட்டோ நகரில் 1889-ல் சீட்டுக்கட்டு செய்து விற்கும் கடையாகத் தொடங்கியதுதான் நிண்டெண்டோ. மூன்று தலைமுறையாக யமவுச்சி குடும்பத்தின் கையில் இருந்த தலைமை, 2002-ல் முதல் தடவையாகக் குடும்பத்துக்கு வெளியே சடோரு இவாடா என்பவருக்குப் போனது. அவர் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் தொழிலாளியாக இருந்து உயர்ந்தவர்.

2011-ல் அந்நிறுவனம் 3டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை அமெரிக்காவில் 250 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. சரக்கு நகரவில்லை. ஆறே மாதத்துக்குள் விலையை 170 டாலராகக் குறைக்க வேண்டி வந்தது. முதலில் நம்பி வாங்கியவன் ஏமாளி, காத்திருந்தவன் புத்திசாலி என்றாகிவிடும் நிலை. விலை குறைக்கும்போதெல்லாம் நம் கடைகளிலும் வருகிற சங்கடம்தான் இது. இவாடா என்ன செய்தார்? முன்னதாக வாங்கியவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவர்களுக்கு 20 பழைய விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்தார். தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2014-ல் வீ யூ என்ற இன்னொரு கருவியின் விற்பனைக் கணிப்பு 90 லட்சத்திலிருந்து 28 லட்சமாகச் சரிந்தபோதும், மீண்டும் தம் சம்பளத்தில் பாதியை வெட்டினார்.

நஷ்டம் வந்த காலத்தில் தலைமையில் இருந்தவர் அவர். முதலீட்டாளர்களில் அவர் விலக வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் 2015 ஜூலை 11-ந் தேதி 55 வயதில் அவர் நோயால் காலமானபோது, முகமறியாத வாடிக்கையாளர்கள் உலகம் முழுவதும் அழுதார்கள். நியூயார்க்கில் நிண்டெண்டோ கடையில் பூக்களும் கடிதங்களும் குவிந்தன. கியோட்டோவில் இறுதிச் சடங்குக்குப் புயல் மழையிலும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். லாபக் கணக்கு பலவீனமாக இருந்த நேரத்திலும் நாணயக் கணக்கு பலமாக இருந்ததென்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான்: தவறு நேர்ந்தபோது அதன் செலவை அவர் வாடிக்கையாளர் தலையில் கட்டவில்லை.

மூன்றாவது பாடம்

கதை இத்துடன் முடியவில்லை. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை விட்டுப்போன அதே ரிச்சிட்டெல்லோ 2014-ல் யூனிட்டி என்ற நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். அது விளையாட்டை வெளியிடும் கம்பெனி அல்ல. விளையாட்டைச் செய்கிற பட்டறைகளுக்குக் கருவி கொடுக்கும் கம்பெனி. 2023 செப்டம்பரில், குறிப்பிட்ட அளவு விற்பனையைத் தாண்டிய விளையாட்டு ஒவ்வொரு முறை புதிதாகப் பதிவிறக்கி நிறுவப்படும்போதும் கட்டணம் உண்டு என்று யூனிட்டி அறிவித்தது. ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்ட விளையாட்டுகளையும் அது பிடித்தது. விலை பேசிக் கொடுத்த சரக்குக்குப் பின்தேதியிட்டுப் புது பில் போடுவது போன்ற வேலை! பட்டறைகள் கொதித்தன. பத்து நாளில் விதியைத் தளர்த்தினார்கள். அக்டோபரில் ரிச்சிட்டெல்லோ விலகினார். இந்த முறை கதை அங்கே நிற்கவில்லை. 2024 செப்டம்பரில் புதிய தலைமை அந்தக் கட்டணத்தையே முழுதாக ரத்து செய்தது. ஆளும் மாறினார், படிக்கல்லும் மாறியது. அதற்குக் காரணம், அங்கே வாடிக்கையாளர்கள் ஆளின் பெயரோடு நிற்காமல் விதியைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றதுதான் என்று கருதுகிறோம்.

நாம் செய்ய வேண்டியது

நம் தொழிலில் நாம் இரண்டு பக்கமும் நிற்கிறோம். கம்பெனிகளுக்கு நாம் வாடிக்கையாளர். சேதமான சரக்கைத் திரும்ப எடுக்காத ஏரியா மேனேஜர் மாற்றலாகிப் போனால் நாமும் மகிழ்ந்திருக்கிறோம். புதிதாக வந்தவர் அதே சுற்றறிக்கையை நீட்டியபோது விழித்திருக்கிறோம். இனிமேல் கம்பெனிகளோடு பேசும்போது அதிகாரியை மாற்றச் சொல்லிக் கேட்பதைவிட, சரக்குத் திரும்பப் பெறும் விதியை எழுத்தில் மாற்றித் தரக் கேட்பதே அறிவுடைமை.

கடைக்கு வருபவர்களுக்கோ நாம்தான் கம்பெனி. மகனிடமோ பங்காளியிடமோ பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் புதுப் பெயர்ப்பலகை மாட்டி, வர்ணம் அடித்து, ஸ்வீட் கொடுத்தால் பழைய கணக்கு அழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். விலை குறைந்தால் முன்னே வாங்கியவருக்கு என்ன செய்வோம், பழுதான சரக்கை எத்தனை நாளில் மாற்றுவோம், சொன்ன விலைக்கு மேல் எதையும் ஒட்டுவோமா என்ற மூன்று கேள்விக்கும் கடைக்குள் ஒரே பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலைச் சேர்த்துக் கொடுப்பதுதான் உண்மையான ஒப்படைப்பு.

2025 செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தையே 5,500 கோடி டாலருக்குச் சவுதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியும் இரண்டு முதலீட்டு நிறுவனங்களும் வாங்க ஒப்பந்தமானதாக அறிவிப்பு வந்தது. உரிமையாளர் மாறுவர், தலைமை நிர்வாகியாக வில்சனே தொடர்வார் என்றார்கள். வாங்கி விளையாடுபவர்கள் மறுபடியும் கவலையோடு பேசத் தொடங்கினார்கள். யார் வருகிறார், யார் போகிறார் என்பதல்ல, கல்லாவின் விதி எது என்பதே கேள்வி என்று அவர்களுக்கு இப்போதாவது தெரிந்திருக்கும். நமக்கும் அது தெரிந்திருந்தால், நாம் கல்லாவை விட்டு எழுந்து போகும் நாளில் ஊர் கைதட்டாது. "நல்ல மனிதராயிற்றே" என்று சொல்லும்.