‘நான் ஸ்டெடியா இருக்கேன்!’

கல்யாணப் பந்தியில் சாம்பார் வருவதற்குள் ஒருவரின் கைபேசியில் செய்தி வந்துவிட்டது. முந்தின இரவு குடித்திருந்த விமானி ஒருவர், காலையில் ஊதிக் காட்டும்போது மாட்டிக்கொண்டார். மூன்று மாதத்துக்குப் பறக்க முடியாது. எதிர் வரிசைப் பெரியவர் உச்சுக்கொட்டினார். “பாவம் மாப்ளே, ராத்திரி ரெண்டு பெக் போட்டிருப்பான். காலையில எல்லாம் தெளிஞ்சிருக்கும். இதுக்குப் போய் ஒருத்தன் பொழப்புல மண்ணள்ளிப் போடுவாங்களா?” மாப்பிள்ளை அப்பளத்தை நொறுக்கியபடியே ஆமோதித்தார். “அவங்களுக்கெல்லாம் அளவு தெரியும் மாமா. அதுவுமில்லாம, மேல போனதும் ஆட்டோபைலட்தானே ஓட்டுது!”

பந்தியில் ஒருவரும் மறுக்கவில்லை. ரசம் வந்தது, பேச்சு மாறியது.

சாதி, கட்சி, மாவட்டம் எதிலும் ஒத்துப்போகாத மக்கள் ஒத்துப்போகும் ஓரிரு விஷயங்களில் இது ஒன்று. அனுபவசாலிக்குத் தன் அளவு தெரியும். ராத்திரி குடித்தது ராத்திரியோடு போச்சு. டாஸ்மாக் வாசலில் ஸ்டாண்டை எடுக்க மறந்து பைக்கை உதைக்கிறவர் முதற்கொண்டு எல்லாரும் சொல்வதும் இதைத்தான்: “நான் ஸ்டெடியா இருக்கேன்!”

இந்த ‘அளவு தெரிந்தவர்கள்’ கட்சியை ஒருமுறை ஆங்கரேஜுக்குக் கூட்டிப் போக வேண்டும். 1977 ஜனவரி 13, அலாஸ்காவில் இன்னும் விடியாத காலை. மோசஸ் லேக்கில் ஏற்றிய 56 மாடுகளோடு ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 சரக்கு விமானம் டோக்கியோ போக நிற்கிறது. ஆங்கரேஜில் விமானிகள் மாறுவது வழக்கம். பொறுப்பேற்க வந்த கேப்டன் 53 வயது அமெரிக்கர். 23,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அனுபவம், அனுபவம் என்கிறார்களே, இதற்கு மேல் அதை எந்தக் கடையில் வாங்குவது?

அவரை விமான நிலையத்துக்கு ஏற்றி வந்த டாக்சி டிரைவருக்கு ஆளைப் பார்த்ததுமே பகீரென்றது. முகம் சிவந்திருக்கிறது, பேச்சு குழறுகிறது, நிற்பதற்கு ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது. டிரைவர் சும்மா இருக்கவில்லை. தன் கம்பெனியில் சொன்னார். டாக்சி கம்பெனியும் சும்மா இருக்கவில்லை; விமானத்தைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்குப் போன் போட்டது. அங்கே போனை எடுத்தவர், கேப்டனிடம் கோளாறு ஏதும் இருந்தால் ஜப்பான் ஏர்லைன்ஸ்காரர்களே கண்டுபிடித்திருப்பார்களே என்று எண்ணிக்கொண்டார். நியாயந்தானே, அத்தனை பெரிய கம்பெனிக்குத் தெரியாதா?

விமானம் எழும்பியது, உடனே விழுந்தது. இறக்கைகளில் பனி உறைந்திருந்தது உண்மை. ஆனால், கேப்டன் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கையாண்ட விதத்தால்தான் விமானம் மேலேறும் சக்தியை இழந்தது, அதைப் பனி மோசமாக்கியது என்பதே விசாரணையின் முடிவு. விமானத்தில் இருந்த 5 பேரும் 56 மாடுகளும் போயின. கேப்டனின் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 298 மில்லிகிராம் ஆல்கஹால். அன்றைய அலாஸ்காவில் 100 மில்லிகிராம் இருந்தாலே கார் ஓட்டுவது குற்றம். அந்தக் கணக்குப்படி கிட்டத்தட்ட மூன்று காரோட்டிகளைக் கைதுசெய்யப் போதுமான சரக்கை ஒரே உடம்பில் ஏற்றிக்கொண்டு ஒருவர் டோக்கியோவுக்குக் கிளம்பியிருக்கிறார். அளவு தெரிந்தவர்!

விசாரணை அறிக்கை இன்னொன்றையும் குறித்தது. கூட இருந்த விமானிகள் கேப்டனைத் தடுக்கவில்லை. தோளோடு தோள் உட்கார்ந்தவர்கள், மூச்சு படும் தூரத்தில் இருந்தவர்கள். டாக்சி டிரைவருக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மேலதிகாரியிடம் போய் “சார், நீங்க குடிச்சிருக்கீங்க” என்று சொல்ல எந்த நாட்டில் யாருக்கு வாய் வரும்? அதற்குத்தான் கருவி. கருவிக்கு சீனியர், ஜூனியர் கிடையாது. அடுத்த வருஷ பதவி உயர்வைப் பற்றிய கவலையும் கிடையாது.

“அது ஏதோ ஒரு குடிகாரர் கதை” என்பார்கள். பின்லாந்தில் 1961 ஜனவரி 3 அன்று ஏரோ நிறுவனத்தின் டிசி-3 விழுந்து 25 பேரும் இறந்தபோது கேப்டன், துணை விமானி இருவர் ரத்தத்திலும் போதை ஏராளமாக இருந்தது. பின்லாந்தின் மிக மோசமான விமான விபத்து இன்றுவரை அதுதான். அங்கே ஒருவரை ஒருவர் தடுக்க வேண்டிய இருவருமே ‘ஸ்டெடி’.

இந்த இடத்தில் பந்திக்காரர்கள் எடுத்து வீசும் கடைசிச் சீட்டு, “குடிச்சிட்டு ஓட்டினவங்க பத்திரமா இறக்கினதும் உண்டே!” என்பது. உண்டு. 1990 மார்ச் 8 அன்று அமெரிக்காவின் பார்கோவிலிருந்து மினியாபோலிஸ் போன நார்த்வெஸ்ட் விமானம் பட்டுப்போல இறங்கியது. முந்தின இரவு மதுக்கடையில் கேப்டன் ரம்மும் கோக்கும் கலந்து ஒரு டஜனுக்கு மேல் உள்ளே தள்ளியிருந்தார். விமானிக் குழுவின் மற்ற இருவரும் குடம் குடமாக பீர். இங்கேயும் துப்பு கொடுத்தது சக ஊழியர் அல்லர், அந்த மதுக்கடைக்கு வந்த வாடிக்கையாளர். அதைக் கேட்டு விமானத்துறை ஆய்வாளர் ஒருவர் நேரிலேயே வந்தார், விமானிகளிடம் பேசினார், அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கப் போனார். அவர் கேட்டுக்கொண்டிருக்கையில் விமானம் கிளம்பிவிட்டது. தரையிறங்கி வெகுநேரம் கழித்து எடுத்த சோதனையிலும் கேப்டனின் அளவு 0.13 சதவீதம். நீதிமன்றத்தில் அவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? இவர் பழகிய குடிகாரர், இந்த அளவெல்லாம் இவரை ஒன்றும் செய்யாது! மூவருக்கும் சிறை. பிற்பாடு அந்த கேப்டன் குடியை அறவே விட்டு, படிப்படியாக மீண்டு வந்து, 2001இல் அதிபரின் மன்னிப்பையும் பெற்றார். தன் அளவு தனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த மனிதர் பிழைத்தார். பந்திக்காரர்கள் கதையின் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

‘தெளிஞ்சிடும்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்திலிருந்து சராசரியாக 15 மில்லிகிராம் ஆல்கஹாலைத்தான் கழிக்கும். பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் அவ்வளவுதான், மோரில் எலுமிச்சை பிழிந்தாலும் அவ்வளவுதான். கறுப்புக் காபி குடித்தால், தூங்கும் குடிகாரர் விழித்திருக்கும் குடிகாரர் ஆவார். ஆங்கரேஜ் கேப்டன் முழுக்கத் தெளிய இந்தக் கணக்கில் சுமார் 20 மணி நேரம் ஆகியிருக்கும். ரத்தம் சுத்தமான பிறகும் விவகாரம் முடிவதில்லை. உட்செவியில் சமநிலையைக் காக்கும் திரவத்தில் ஆல்கஹால் மெதுவாக இறங்கி, மெதுவாக வெளியேறுகிறது. ரத்தத்தில் சுவடே இல்லாதபோதும் தலை சுற்றுவது அதனால்தான். மேகத்துக்குள் போய் அடிவானம் மறைந்த விமானிக்கு அந்தக் காதே பொய் சொன்னால் என்ன கதி? 1986இல் அமெரிக்காவில் கடற்படை விமானிகள் பத்துப் பேரைக் குடிக்க வைத்து, 14 மணி நேரம் கழித்து மாதிரி விமானத்தில் ஓட்டச் சொன்னார்கள். ரத்தத்தில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் ஓட்டம் சரியில்லை.

ஆட்டோபைலட் பேர்வழிகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கரேஜ் விமானம் ஆட்டோபைலட் போடும் உயரத்தையே பார்க்கவில்லை. மேலே எல்லாம் சரியாகப் போகும்போது யார் வேண்டுமானாலும் உட்காரலாம், பந்தி மாப்பிள்ளைகூட. கருவி கைவிரிக்கும் அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் கேப்டனுக்குச் சம்பளம்.

இந்தியாவில் விதி பச்சையாக இருக்கிறது. பறப்பதற்கு 12 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். ஊதும்போது பூஜ்யம் காட்ட வேண்டும். அமெரிக்காவில் 8 மணி நேரமும் 0.04 சதவீதமும் வரம்பு. நம் ஊரில் கார் ஓட்டுபவருக்கேகூட 30 மில்லிகிராம் வரை சட்டம் கண்டுகொள்வதில்லை. விமானிக்கு அதுவும் இல்லை. முதல் தடவை 3 மாதம், இரண்டாம் தடவை 3 ஆண்டு, மூன்றாம் தடவை உரிமமே போச்சு. 2023இல் ஆல்கஹால் கலந்த வாய் கொப்புளிக்கும் திரவத்தையும் பல் ஜெல்லையும் தவிர்க்கச் சொன்னதும் “இனிப் பல்கூட விளக்கக் கூடாதா?” என்று ஒரே சிரிப்பு. சிரித்தவர்கள் 2018 நவம்பரை மறந்துவிட்டார்கள். அன்று டெல்லியிலிருந்து லண்டன் போகவிருந்த விமானத்தின் முன்பாக ஊதித் தோற்றவர் ஏர் இந்தியாவின் செயல்பாட்டு இயக்குநர். மற்ற விமானிகளுக்கெல்லாம் மேலே இருந்தவர். ஊதாமல் பறந்ததற்காக முன்னாண்டே 3 மாதம் தண்டனை வாங்கியவரும் அவரே. அவரைவிட அளவும் விதியும் தெரிந்தவர் யார்?

சினிமாவும் இதில் உடந்தை. ‘பிளைட்’ படத்தில் டென்சல் வாஷிங்டன் போதையில் விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து ஓட்டி, அதில் இருந்தவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றுவார். பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மட்டும் ஞாபகம். கடைசியில் அந்தப் பாத்திரம் சிறையில் உட்கார்ந்திருப்பது ஞாபகமில்லை. நம் கதாநாயகர்களுக்கோ குவார்ட்டர் இறங்கினால்தான் சண்டையே வரும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, கடையை நகர்த்துவதைவிட நெடுஞ்சாலையின் பெயரை மாற்றுவது சுலபம் என்று கண்டுபிடித்த மாநிலங்கள் உள்ள நாடு இது. நாமக்கல் லாரி டிரைவரைச் சாலையோரம் நிறுத்தி ஊதச் சொன்னால் நியாயம், கோட்டு போட்ட கேப்டனை ஊதச் சொன்னால் அவமானமாம்!

தூக்கமின்மைக்கு ஊதும் கருவி இல்லையே என்று விமானிகள் கேட்பது மட்டும் முழு நியாயம். வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கிய விதி 2024 ஜனவரியில் வந்தும், நிறுவனங்கள் இழுத்தடித்து, நீதிமன்றம் வரை போய், 2025இல்தான் இரு கட்டங்களாக அமலானது. அந்த விதிக்குச் சரியாகத் தயாராகாததால் அந்த டிசம்பரில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. விமானிகள் தங்கள் கோபத்தை நிறுவனங்கள்மேல் காட்டட்டும். கருவியின்மேல் காட்ட வேண்டாம்.

பந்திப் பெரியவருக்கு இன்னொரு டிரைவரின் கதையும் பாக்கியிருக்கிறது. 2018 அக்டோபர், லண்டன் ஹீத்ரோ. டோக்கியோ போக வேண்டிய, அதே ஜப்பான் ஏர்லைன்ஸின் துணை விமானி, நிறுவனத்தின் சோதனையைத் தாண்டி வந்துவிட்டார். ஊழியர்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவருக்கு வாடை அடித்தது, சொல்லிவிட்டார். ரத்தத்தில் 189 மில்லிகிராம், பிரிட்டனில் அனுமதி 20. அவருக்கு 10 மாதம் சிறை. இந்த முறை டிரைவர் சொன்னதைக் கேட்க ஆள் இருந்தது. மீதி இரண்டு விமானிகளோடு விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் லேட்டாகக் கிளம்பி, டோக்கியோ போய்ச் சேர்ந்தது.