மூளையில் ஆபரேஷன்... குறட்டை பற்றி ஏன் கேட்கிறார்கள்?

'அப்பாவுக்கு மூளையில் கட்டி. அடுத்த வாரம் ஆபரேஷன். மயக்க டாக்டர் வந்து வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தை நிமிர்த்தச் சொன்னார், குறட்டை விடுவாரா என்று கேட்டார். மூளைக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?' என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

நிறையவே இருக்கிறதம்மா.

மண்டை ஓடு இறுக மூடிய டப்பா மாதிரி. உள்ளே மூளை, ரத்தம், மூளையைச் சுற்றிய திரவம். நான்காவதாகக் கட்டி வந்து உட்கார்ந்தால் மற்றவை கொஞ்சம் விலகி இடம் தரும். அந்த இடமும் தீர்ந்துவிட்டால், துளி கூடினாலும் அழுத்தம் எகிறும். இவற்றில் சில நிமிடங்களிலேயே கூடிக் குறையக்கூடியது ரத்தம். அதன் கடிவாளம் மூச்சில் இருக்கிறது!

ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும், மூளை புடைக்கும். குறைந்தால் சுருங்கும். 1940-களில் அமெரிக்காவில் சீமோர் கெட்டி, கார்ல் ஷ்மிட் இருவரும் இதை மனிதர்களிடமே அளந்து காட்டினார்கள். 'அப்படியானால் வென்டிலேட்டரில் வேகமாக மூச்சுக் கொடுத்து நன்றாகக் குறைத்துவிடலாமே?' ஒரு காலத்தில் அதை வழக்கமாகவே செய்தார்கள். ஆனால், ரேஷன் அளவுக்கு மேல் சுருங்கினால் மூளைக்கு ரத்தமே போதாது. அதனால் இப்போது இயல்பான அளவின் கீழ் எல்லையான 35 மி.மீ.க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். 'மூளை இறுக்கமாக இருக்கிறது' என்று சர்ஜன் சொன்னால் மட்டும், சிறிது நேரம் இன்னும் இறக்குவோம். மானிட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் அலை ஓடும். எங்கள் கண் அதன்மேல்தான்.

இப்போது குறட்டைக்கு வருவோம். பலமாகக் குறட்டை விடுபவருக்கு, மயக்கம் ஏறியதும் நாக்கும் தொண்டையும் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடலாம். குழாய் செலுத்துவதும் சிரமமாகலாம். அந்தத் தாமதத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும், ஆக்சிஜன் இறங்கும். ஏற்கெனவே இடமில்லாத மூளைக்கு இரண்டும் ஆகாது. முன்பே தெரிந்தால் அதற்கேற்ற கருவிகளோடு தயாராக இருப்போம்.

இன்னொன்று, இந்த ஆபரேஷனில் தலைப்பக்கம் முழுக்க சர்ஜனுக்கு. முகம் துணிக்கு அடியில். நடுவில் குழாய் நழுவினால் சரிசெய்வது பெரும்பாடு. அதனால் பிளாஸ்திரி போட்டு உறுதியாக ஒட்டுவோம். கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்ட மாட்டோம். மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் நாளங்கள் அழுந்திவிடும். தலையைக் குனிய வைத்தால் குழாய் உள்ளே நகர்ந்து ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்று போகலாம் என்பதால், படுக்கவைத்த பிறகு இரு பக்கமும் மறுபடி ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்போம்.

ஆகவே, அப்பாவுக்கு ஆடும் பல், பல்செட், புகைப்பழக்கம், ஆஸ்துமா, முந்தைய ஆபரேஷனில் மயக்க மருந்தால் வந்த தொல்லை... எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். பொதுவாக எளிய உணவு 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். உங்கள் டாக்டர் சொல்லும் நேரமே இறுதி. 'பாவம், பசிக்குமே' என்று ரகசியமாக இட்லி கொடுத்துவிடாதீர்கள்! அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

முடிந்தவரை தியேட்டரிலேயே எழுப்பி, குழாயை எடுத்து, கை காலை அசைக்கச் சொல்லிப் பார்ப்போம். நீண்ட ஆபரேஷன் என்றாலோ, விழுங்கும் நரம்புகளுக்கு அருகில் கட்டி இருந்தாலோ, குழாயோடு ஐ.சி.யூ.வுக்கு அனுப்பலாம். அதை வைத்து மட்டும் ஆபரேஷன் தோல்வி என்று பயப்படாதீர்கள். குழாய் இருக்கும்வரை அவரால் பேச முடியாது. எடுத்த பிறகு ஓரிரு நாள் தொண்டை வலியும் கரகரப்பும் இருக்கலாம். கரகரப்பு நீடித்தாலோ, தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறினாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.